வேன் அன்ரிக்கு இரண்டாம் பொன்னாடை

நாலு வரி போதும் என்று கேட்டிருந்தீர்கள். விழா மலருக்கு வேன் அன்ரியைப் பற்றி நாலு வரி, கூடவே ஒரு படம், வெள்ளிக்கிழமைக்குள். நாலு வரியில் அடங்குகிற ஆளா அவர்? அதுவும் கேட்டது யார்? அந்த வேனின் கடைசிச் சீட்டில் இருந்துகொண்டு, பாதி வழி தாண்டுமுன் தவறாமல் வாந்தி எடுத்து, அன்ரியின் கையால் வாய் துடைக்கப்பட்ட எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இன்றைய தலைவர். தலைவரே, உங்களுக்காவது நாற்பது வரி வேண்டும் என்று தோன்றவில்லையா?

வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட நிகழ்ச்சித் திட்டத்தையும் பார்த்தேன். நாற்பத்தொரு வரி. விளக்கு யார், மாலை யார், சமோசா யார், சமோசாவுக்குச் சட்னி யார் என்று ஒன்றும் விடவில்லை. பதினேழாவது வரியில், பொன்னாடை போர்த்துபவர் என்ற இடத்தில், முன்னாள் செயலாளர் என்று போட்டிருக்கிறீர்கள். அவர் என் அப்பா. அதைப் படித்தபிறகு எனக்கு வந்த எரிச்சலில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மலரில் போடுவீர்களோ, கிழித்துப் போடுவீர்களோ, அது உங்கள் பாடு.

முதலில் அந்த வேன். நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. ஆளுக்கொரு காரில் வந்து இறங்குகிறவர்கள் அவர்கள். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் ஆக்லாந்தில் தமிழ் வீடுகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. பாதி வீட்டில் கார் இல்லை. கார் இருந்த வீட்டில் சனிக்கிழமை ஓட்ட ஆள் இல்லை, அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். மனுகாவில் வாடகை மண்டபத்தில் நடந்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நாம் போய்ச் சேர்ந்தோம் என்றால் அன்ரி வந்து ஏற்றியதால்தான்.

அவர் மலேசியாக்காரர், பேச்சின் வாலில் ஒரு ‘லா’ ஒட்டிக்கொண்டே வரும். கிளென் ஈடனில் வீடு. வாரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கிற இடத்தில் வேலை, ஆறாம் நாள் சங்கத்தின் பழைய வேன். மேற்கே இருந்த உங்களை ஏற்றிக்கொண்டு, மண்டபத்தைத் தாண்டி எங்களுக்காகப் பாபகூரா வரை வந்து, திரும்பவும் மனுகாவுக்கு. "பிள்ளை குட்டி இல்லாத மனுசி, நேரம் கிடக்கு, ஓடுறா" என்று நம் அம்மாமார் பேசிக்கொள்வார்கள். நேரம் கிடந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் நான் அந்த வேனின் சாரதிச் சீட்டில் பார்த்ததில்லை.

அதன் கதவைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் மூடும். வேன் கதவென்றாலே அப்படித்தான் என்று என் தங்கச்சி வெகுகாலம் நினைத்திருந்தாள். உள்ளே நனைந்த கம்பளிச் சட்டையும் ஆரஞ்சுத் தோலும் தலைவலித் தைலமும் கலந்த ஒரு மணம். ஏழு பேருக்கு ஒரே ஒரு கட்டம்போட்ட போர்வை, அதற்கு நாம் போட்ட சண்டை கொஞ்சமா? ஐஸ்கிரீம் டப்பாவில் அன்ரி கொண்டுவருகிற கறி பஃப்பை ஆளுக்கு ஒன்று என்று எண்ணித்தான் தருவார், ஆனால் எப்படியோ ஒன்று கூடுதலாக இருக்கும்.

இதெல்லாம் போகட்டும். அந்த வரைபடப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? அட்டை கிழிந்து, பிளாஸ்டர் ஒட்டிய தெரு வரைபடம். ஒவ்வொரு பக்கத்திலும் அன்ரி பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருப்பார். "பச்சைக் கேட். நாய் கட்டியிருக்காது." "மணி அடிக்காதே, அப்பா ராத்திரி வேலை, தூங்குவார். ஜன்னலைத் தட்டு." "சின்னவளுக்கு இழுப்பு, முன் சீட்டு." ஒரு வீட்டுக்கு நேரே, "அம்மா முகம் சரியில்லை என்றால் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசு" என்று இருந்தது. எந்த வீடு என்று சொல்லமாட்டேன். அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்.

எனக்குப் பத்து வயதான குளிர்காலத்தில்தான் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவு செய்தது. கூட்டம் பாபகூராவில் எங்கள் வீட்டில் நடந்தது. அப்பா செயலாளர். நான் தட்டில் தேநீர் கொண்டுபோனேன்.

"எனக்கு எதுக்கு அண்ணே பொன்னாடை? வேனுக்கு ரெண்டு டயர் மாத்திக் குடுங்க, அது போதும் லா" என்றார் அன்ரி.

எல்லாரும் பெரிய பகிடி கேட்டதுபோலச் சிரித்தார்கள். டயரை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

"உங்களைக் கௌரவிக்காட்டில் இது என்ன சங்கம், தங்கச்சி?" என்றார் அப்பா.

"சரி, நீங்க சொன்னா சரி. அன்னிக்குப் பிள்ளைங்கள யாரு ஏத்துவா?"

"அதை நாங்கள் பாக்கிறம். பொன்னாடை வாங்கிற ஆள் வேனை ஓடிக்கொண்டு வந்து இறங்கினா சனம் என்ன கதைக்கும்? அண்டைக்கு நீங்கள் ஒரு வேலையும் செய்யக்கூடாது."

நாங்கள் பாக்கிறம். ஐயோ, அந்த ‘நாங்கள்’! அந்நாள் தலைவர் மாமா செயலாளர் பார்ப்பார் என்று நினைத்தார். செயலாளரான என் அப்பா பொருளாளர் பார்ப்பார் என்று நினைத்தார். பொருளாளர் அந்தக் கூட்டத்துக்கே வரவில்லை. ஆள் கூடினால் பாம்பு சாகாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை மாலை அப்பா அன்ரியிடம் போய் வேன் சாவியை வாங்கி வந்தார். யாராவது ஓட்டுவதற்காக என்று நினைக்கிறீர்களா? இல்லை. பித்தளைத் தட்டில் பூவும் குங்குமமும் வைத்து, நடுவில் அந்தச் சாவியை வைத்து, மேடையில் அன்ரிக்குத் திரும்பக் கொடுக்கிற யோசனை. யோசனை அப்பாவுடையது. வேனையும் ஓட்டிவந்து மண்டபத்து வாசலில் நிறுத்தி, வாழைமரம் கிடைக்காததால் இரண்டு பக்கமும் பலூன் கட்டினார்கள்.

மறுநாள் விழா இரண்டு மணிக்கு. நாம்தான் வரவேற்பு நடனம். அப்பா காலையிலேயே மேடை சோடிக்கப் போய்விட்டார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு மணிக்கு வேலை. வழக்கம்போல எங்கள் இரண்டு பேரையும் பன்னிரண்டரைக்கு டெய்ரி என்கிற மூலைக்கடை வாசலில் விட்டுவிட்டு, "இண்டைக்கு அன்ரி வரமாட்டா, வேற ஆள் வரும். இந்த இடத்தை விட்டு அசையக்கூடாது, விளங்கிச்சோ?" என்று சொல்லி பஸ் ஏறினார்.

அசையவில்லை. இரண்டேகால் மணித்தியாலம் அசையவில்லை. நடன உடுப்பு, தலையில் பிளாஸ்டிக் மல்லிகை, முகத்தில் பவுடர், அதன்மேல் மழைக்கோட்டு, கையில் பையோடு சலங்கை. மழை பக்கவாட்டில் அடித்தது. டெய்ரியின் கூரை ஒழுகுகிற இடம் சரியாக எங்கள் தலைக்கு மேல். போகிற வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்தோம். ஒரு மணி ஆனது. இரண்டு மணியும் ஆனது. நாங்கள் இல்லாமலே ஆடிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று நான் நம்பினேன். தங்கச்சி பார்க்கிறாளே என்று அழவில்லை.

டெய்ரிக்காரர் குஜராத்தி மாமா. எங்கள் வீட்டுக்கு மூன்று தரம் போன் அடித்துப் பார்த்தார், வீட்டில் யார் இருக்கிறார்கள் எடுக்க? மண்டபத்தில் போன் இல்லை. கடைசியில் இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ ஒன்றைச் சூடாக எடுத்து, இரண்டாக வெட்டித் தந்தார். உள்ளே என்ன இறைச்சி என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. தங்கச்சி விரலைக்கூட விடாமல் நக்கினாள். கொஞ்ச நேரத்தில் குளிர் தாங்காமல் நடன உடுப்போடேயே மூத்திரம் போய்விட்டாள். "அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றாள். இவ்வளவு காலம் சொல்லவில்லை. இப்போது அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த நேரம் மண்டபத்தில் என்ன நடந்தது என்பது எனக்கு வீடியோ கேசட் பார்த்துத் தெரியும். கல்யாண வீடியோ எடுக்கிற மாமா எடுத்தது. அதனால் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் ஒரு தாமரை விரியும். அந்தக் கேசட் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்ரி செருப்பை மேடைக்குக் கீழே கழற்றிவிட்டு, அரக்குப் பட்டுச் சேலையில், முழங்கால் வரை மாலையோடு பெரிய நாற்காலியில் இருக்கிறார். அப்பா ஒலிவாங்கியில் முழங்குகிறார். "நேரம் எண்டா நேரம்! ஒரு சனிக்கிழமையாவது பிந்தினதில்லை!" கைதட்டல். நமக்கென்று ஒதுக்கிய முன் இரண்டு வரிசையும் காலி. அன்ரியின் கண் அதை விட்டு நகரவில்லை. கையால் அப்பாவைக் கூப்பிடுகிறார். அப்பா இருங்கோ இருங்கோ என்று சைகை காட்டுகிறார். பிறகு வரவேற்பு நடனம் என்று அறிவித்து, பாட்டுப் போட்டு, திரையைத் திறக்கிறார்கள். மேடையில் ஆளில்லை. ஆளில்லாத தரைக்கு ஒரு நிமிடம் முழுக்கப் பாட்டு ஓடுகிறது. முடிவில் சனம் கைதட்டுகிறது! இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தரமும் தலையில் அடித்துக்கொள்வேன். மண்டபத்தில் இருநூறு பெரியவர்கள். பிள்ளைகள் எங்கே என்று கேட்க ஒருவருக்கு வாய் இல்லையா?

நகரசபை உறுப்பினர் வெள்ளைக்காரர், பொன்னாடையை விரித்துக்கொண்டு வருகிறார். அன்ரி எழும்புகிறார். "பிள்ளைங்க எங்க அண்ணே?" ஒலிவாங்கியில் தெளிவாக விழுந்திருக்கிறது.

"வருவினம், நீங்கள் இருங்கோ."

அன்ரி இருக்கவில்லை. தட்டிலிருந்த சாவியைப் பூவோடு அள்ளிக்கொண்டு படியிறங்கிப் போகிறார். நகரசபை உறுப்பினர் இதுவும் நம் வழக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே பொன்னாடையை அந்த வெறும் நாற்காலிக்குப் போர்த்துகிறார். தாமரை விரிகிறது.

பலூன் கட்டிய வேன் டெய்ரி வாசலில் வந்து நின்றபோது நான் முதலில் பார்த்தது அன்ரியின் கால். மழையில் வெறுங்கால். செருப்பு மாட்ட நிற்காமல் வந்திருக்கிறார். கழுத்தில் மாலை நனைந்து தொங்கியது. தங்கச்சியைத் தூக்கிய கையிலேயே ஈரம் பட்டிருக்கும், ஒன்றும் சொல்லாமல் போர்வையைச் சுற்றி முன் சீட்டில் வைத்தார். மாலையைக் கழற்றிப் பின்னால் எறிந்தார்.

"மன்னிச்சிரு பிள்ளை. கேட்டிருக்கணும். ஒரு தடவை கேட்டதோட விட்டிருக்கக் கூடாது" என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மண்டபத்துக்கு நேரே போயிருக்கலாம். போகவில்லை. எங்களையும் வைத்துக்கொண்டு கிளென் ஈடன் வரை போய், ஒவ்வொரு வீடாக இறங்கி, இனிக் காத்திருக்க வேண்டாம் என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். தலைவரே, நீங்கள் அன்று பவுடர் பூசிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். திரும்பி வரும்போது ஐந்து மணி. சனம் போய்விட்டது. அன்ரி உள்ளே போய், என்ன செய்தார் தெரியுமா? நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். பழக்கதோஷம்!

அப்பா வந்தார். "விருந்தாளிக்கு முன்னால எங்கட மானத்தை வாங்கிப்போட்டீங்கள்."

"பிள்ளைங்க நனைஞ்சிட்டாங்க, அண்ணே."

அப்போதுதான் அப்பா எங்களைப் பார்த்தார். தங்கச்சியின் உடுப்பைப் பார்த்தார். தன் இரண்டு பிள்ளைகளும் மேடையில் இல்லை என்பது ஒலிவாங்கி பிடித்த அந்த மனிதருக்கு அதுவரை தைக்கவே இல்லை. கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு வெளியே போனார். வீட்டுக்குப் போகும்போது காரில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்களை ரோட்டில தனிய விட்டது வெளியில தெரிஞ்சு பொலிசுக்குப் போனா அம்மாவுக்குத்தான் வில்லங்கம். வேலையும் போயிடும். ஆரும் கேட்டா பத்து நிமிஷம் எண்டு சொல்லு."

அடுத்த வாரம் விசாரணை. ஓம், விசாரணைதான், எங்கள் வீட்டு வரவேற்பறையில். மேடையை விட்டு இறங்கிப்போனது முறையா என்பது கேள்வி. அன்ரி பிளாஸ்டிக் நாற்காலியில், மற்றவர்கள் சோபாவில். என்னைக் கூப்பிட்டார்கள்.

"எவ்வளவு நேரம் பிள்ளை நிண்டனீங்கள்?" என்று அந்நாள் தலைவர் மாமா கேட்டார்.

"பத்து நிமிஷம்" என்றேன்.

அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். ஒரு சொல் பேசவில்லை. பத்து நிமிடம் பொறுக்காமல் சபையை அவமதித்தவர் என்று குறிப்புப் புத்தகத்தில் ஏறியது. சாவியைக் கேட்டார்கள். சாவியை மேசையில் வைத்து, பக்கத்தில் வரைபடப் புத்தகத்தையும் வைத்தார். "யாரு ஓட்டினாலும் இது வேணும் அண்ணே" என்றார். நான் சமையலறையில் போய் நின்றேன். பத்து வயதிலும் வெட்கம் என்றால் என்ன என்று தெரியும்.

புதிதாக ஓட்ட வந்த மாமா, தனக்குத் தெரியாத தெருவா என்று சொல்லி அந்தப் புத்தகத்தைக் குப்பையில் போட்டார். தூங்குகிற வீடுகளுக்கு முன்னால் ஹார்ன் அடித்தார். கட்டாத நாயிடம் கடி வாங்கினார். ஒவ்வொரு வீடாகக் கழன்று, கிறிஸ்துமஸ் வரமுன் வேனின் பின் இரண்டு வரிசையும் காலி. இன்று குழுவில் நீங்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? இதை வாசிக்க உங்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போதாது, அம்மாவையும் கூப்பிட வேண்டும்.

அன்ரி ஓயவில்லை. சங்கம் அவரைக் கூப்பிடவில்லை, ஆனால் சங்கத்திலிருந்த ஒவ்வொரு வீடும் கூப்பிட்டது. விமான நிலையத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, செத்த வீட்டுக்கு. வந்தார். மேடை மட்டும் கொடுக்கவில்லை. இப்போது எண்பது நெருங்குகிறது, ஆள் போய்ச் சேருமுன் செய்துவிட வேண்டும் என்று உங்களுக்கு அவசரம்.

படம் எடுக்கப் போன ஞாயிறு கிளென் ஈடனுக்குப் போனேன். கண் மங்கி, கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். கறி பஃப் வைத்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக நான் போட்டு உடைத்தேன். "அன்ரி, பத்து நிமிஷம் இல்லை."

"எனக்குத் தெரியாதா லா? டெய்ரிக்காரர் அன்னிக்கே சொன்னாரே."

"பிறகேன் வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்?" சத்தம் போட்டுவிட்டேன். என் எரிச்சல் அவர்மேலும்தான்.

"நீ பத்து நிமிஷம்னு சொன்னதும் உங்கப்பாவப் பாத்தேன். அப்பதான் அவருக்கு மூச்சே வந்துச்சு. பொய்யின்னு நான் சொன்னா, அந்த வீட்டுல நீதானே இருக்கணும்? சரி போகட்டும்னு விட்டுட்டேன்." பிறகு விழாவைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னிக்குப் பிள்ளைங்கள யாரு ஏத்துறா?"

"இப்ப எல்லாருக்கும் கார் இருக்கு, அன்ரி. உங்களை ஆர் ஏத்துறது?"

"நான் ட்ரெயின்ல வந்துக்குவேன். ரெண்டு தடவை மாறணும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து உங்கள் நாற்பத்தொரு வரியையும் மேலிருந்து கீழாக இரண்டு தரம் பார்த்தேன். சட்னிக்கு ஆள் இருக்கிறது. அன்ரியைக் கூட்டிவர ஆள் இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று இந்தக் கட்டுரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொன்னாடைக்கென்று கோட்டைத் தேய்த்துக் கொக்கியில் கொழுவி வைத்திருக்கிறார். ‘கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்’ என்று டெய்ரி வாசலைப் பற்றி எழுதியிருந்தேன். முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பேனா கேட்டார். கூட்டக் குறிப்பு திருத்துவதுபோல அந்த வரியை வெட்டி, மேலே எழுதினார்: இரண்டேகால் மணித்தியாலம்.

"கொம்மா விட்டது பன்னிரண்டரை. அவ வந்து ஏத்தினது ரெண்டே முக்கால்" என்றார். "நான் அண்டைக்கே கணக்குப் பாத்தனான்." பிறகு, "ஏத்தப் போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்றார். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த மனிதர் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்று கேட்க நினைத்தேன். பேனாவை வாங்கி வைத்தேன்.

ஆகவே நாற்பத்திரண்டாவது வரியை நானே சேர்த்துவிட்டேன். அன்ரியை ஏற்றுவது: நானும் அப்பாவும். நாலு வரிதான் வேண்டுமென்றால் மிச்சத்தை வெட்டுங்கள், அப்பா திருத்திய வரியை மட்டும் வெட்டாதீர்கள். இன்னொன்று. அன்ரி பாபகூரா வழியாக ஒரு தரம் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார், அந்த டெய்ரி இருக்கிறதா என்று பார்க்கவாம். எங்களுக்குச் சுற்று வழி, பிந்தித்தான் வருவோம். பிரதம விருந்தினர் பொன்னாடையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் என்று கேட்டால், பத்து நிமிஷம் என்று சொல்லுங்கள்.